கறி கறுக்கும்வரை இறக்காதே, மகளே

அன்பு மகளுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நீ சொன்னதிலிருந்து வீட்டில் உன் அம்மாவுக்கும், அதுதான் நம் அமாக்குக்கும், எனக்கும் இதே பேச்சுதான். உன் ஆம்ஸ்டர்டாம் உணவகத்தின் புது மெனுவில் நம் சுமத்ராக் கறியான ரெண்டாங் வைக்கப்போகிறாய். மாட்டுக் கன்னத்து இறைச்சியைக் காற்று போகாத பையில் அடைத்து, இரவு முழுக்க வெந்நீரில் போட்டு, காலையில் எடுத்துப் பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே ஒரே ஒரு துண்டு. மேலே ரெண்டாங் சாறு. பக்கத்தில் தேங்காய்ப்பால் நுரை. "தட்டு தெரிகிறது, சோறு எங்கே?" என்று அமாக் கேட்டாள். எனக்குத் தட்டைப் பற்றிக் கவலையில்லை. "சாறு" என்றாயே, அதுதான் உறுத்துகிறது. சாறு இருந்தால் அது ரெண்டாங் இல்லையம்மா.

பழையது எதையும் தொடக்கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. இன்று ரெண்டாங்குக்குச் சிவப்பு நிறம் தரும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் சுமத்ராவுக்குத் தெரியும். நானே வந்தேறிதானே! பெண் வீட்டோடு மாப்பிள்ளை இருப்பது நாகூரிலும் வழக்கம், மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமும் வழக்கம் என்பதால், இங்கே படாங்கில் உன் நேனெக் பாட்டி வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு எதுவும் புதிதாகப் படவில்லை. நாகூர் கந்தூரிக்குக் கொடி ஏறும் ஜமாதுல் ஆகிர் மாத முதல் பிறையில், இங்கே முஹம்மதன் பள்ளிவாசலில் அதே ஷாகுல் ஹமீது ஆண்டகை பேரில் சர்க்கரைப் பொட்டலம் வீசுகிறார்கள். கலந்து வந்ததுதான் எல்லாம். ஆகவே நீ நாசூக்காகச் செய், தாராளமாகச் செய். எதை மாற்றுகிறாய் என்று தெரிந்து மாற்று, அவ்வளவுதான்.

நீ சின்ன வயதில் நாகூரில் என் உம்மா வீட்டில் இருந்து படித்ததால், நேனெக் அடுப்படியில் நின்று பார்த்தது குறைவு. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். தேங்காய்ப்பாலும் மசாலாவும் முதலில் கொதிக்கும்போது அது குலாய், நம் ஊர்க் கறிக்குழம்பு மாதிரி. வற்றிக் கெட்டியாகி எண்ணெய் பிரிந்து பழுப்பாக நிற்கும்போது காலியோ. நெதர்லாந்தில் ரெண்டாங் என்று விற்பதில் பாதி இதுதான். நாக்குக்கு ருசிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அசல் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது, மசாலா வேகும், சிவக்காது. தண்ணீர் முழுக்கப் போனதும், தேங்காய்ப்பால் தானே விட்ட எண்ணெயில் மசாலாவும் பாலின் கசடும் இறைச்சியின் மேல்புறமும் வறுபடும். அப்போதுதான் அந்தக் கறுப்பு வரும், சுட்ட தேங்காய் வாசனை வரும். ஈரம் போனதால்தான் கறி நாள்கணக்கில் கெடாமலும் இருக்கும். ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் மினாங் பிள்ளைகளுக்கு வீட்டார் இதைக் கட்டிக் கொடுத்தனுப்புவது அந்த தைரியத்தில்தான்.

நீ சொன்ன முறையில் இந்தக் கடைசிக் கட்டம் இறைச்சிக்குக் கிடைக்கவேயில்லை. பையில் பஞ்சாக வெந்த இறைச்சி ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம். தட்டில்தான் இரண்டுக்கும் அறிமுகம்.

இதை நானும் அமாக்கும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். கன்னத்து இறைச்சி நல்ல தேர்வு. ஜவ்வு நிறைய, மெல்ல வெந்தால் குழைந்து பளபளக்கும். ஜப்பானிய வாக்யூ மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். அதன் கொழுப்பெல்லாம் உருகித் தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து திகட்டும், காசும் தண்டம். மேல் சவ்வைச் சீவி எடுத்துவிட்டு உள்ளங்கை அளவுக்குப் பெரிய கட்டிகளாகவே வை. ஒரு கிலோவுக்கு மூன்று முற்றிய தேங்காயின் பால், சுமார் இரண்டு லிட்டர். சிவப்பு மிளகாய் கால் கிலோ என்பது நம் வீட்டு அளவு, உன் வாடிக்கையாளர்களுக்குப் பாதி போதும். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, அரத்தை எல்லாவற்றையும் நார் தெரியாமல் மைய அரை. உன் பெரிய மெஷின்கள் இதற்கு உதவட்டும். பாலை மசாலாவோடு கொதிக்கவிட்டு இறைச்சியைப் போடு. காலியோ பருவத்தில் கட்டிகள் வெந்து, உடையாமல் இருக்கும். அப்போது அவற்றை வெளியே எடுத்து வைத்துவிடு. மசாலாவை மட்டும் சிறுதீயில் கிளறிக் கறுக்க விடு. மிதக்கும் எண்ணெயில் பாதியை வடித்துவிட்டு, கட்டிகளைத் திரும்பப் போட்டு, அரை மணி நேரம் மெதுவாகப் புரட்டு. கட்டி உடையாது, மேலெல்லாம் மசாலா ஒட்டி வறுபடும். இதை நாசூக்கு என்று நான் ஒப்புக்கொள்வேன். அமாக் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆகும்.

பைதான் வேண்டும் என்று உன் தலைமைச் சமையல்காரர் அடம்பிடித்தால், சரி, வெறும் இறைச்சியாக அடைக்காதே. காலியோ பருவத்து மசாலாவையும் சேர்த்து அடை. பையில் ஊறி நிற்கும் நீர் முழுவதையும் சட்டிக்கே திருப்பிக் கொடு. அதை வடிகாலில் ஊற்றினாய் என்று கேள்விப்பட்டால் கப்பல் ஏறி வந்துவிடுவேன்.

பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில் பால் பிரியாமலிருக்க ஏதேதோ சேர்ப்பார்கள், எண்ணெய் விட நேரமாகும். லேபிளைப் பார், தேங்காயும் தண்ணீரும் மட்டும் இருப்பதாக வாங்கு. மஞ்சள் செடியின் இலை அங்குள்ள டோக்கோ என்ற ஆசியச் சரக்குக் கடைகளில் உறையவைத்ததாவது கிடைக்கும். அதை விட்டுவிடாதே, பாதி வாசனை அதில்தான். எலுமிச்சைப் புல், ஜெருக் எலுமிச்சை இலை உனக்குத் தெரிந்ததே. புளிப்புக்குப் போடும் அசாம் காண்டிஸ் கிடைக்காவிட்டால் மலையாளிக் கடையில் குடம்புளி கேள், இரண்டும் ஒரே வம்சம். கழுவிவிட்டு ஒரு துண்டு போதும்.

நுரையை விட்டுவிடம்மா. மூன்று தேங்காயைச் சுண்டவைத்துச் செய்த கறிக்குப் பக்கத்தில் மறுபடி தேங்காய் எதற்கு? அவித்த மரவள்ளி இலை கொஞ்சம், பச்சை மிளகாய் சம்பல் ஒரு கரண்டி, தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசியை மூங்கிலில் சுட்ட லெமாங் ஒரு வில்லை. அந்தக் கறுப்புக்கு இந்தப் பச்சையும் வெள்ளையும் எடுப்பாக இருக்கும். மொறுமொறுப்புக்கு என்று எதையும் தூவாதே. 2018-இல் பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு நடுவர், கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று சொல்லப்போய், மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒன்றாகச் சேர்ந்து அவரை வறுத்தெடுத்தது உனக்கு நினைவிருக்கும். அந்த இரண்டு நாடுகளும் ரெண்டாங் விஷயத்தில் ஒத்துப்போனது அபூர்வம்!

முதல் நாளே செய்து வை, மறுநாள் பரிமாறு. மெல்லச் சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.

அமாக் ஒரு டப்பா ரெண்டாங் அனுப்பத் துடிக்கிறாள். ஐரோப்பாவுக்குள் இறைச்சி விடமாட்டார்கள் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். நீயே போனில் சொல்லிவிடு. ஒரு இரவுக்கு எத்தனை தட்டு போகும், இறைச்சி ஹலால் கடையிலிருந்துதான் வருகிறதா, இரண்டையும் எழுது. தட்டுக் கணக்கு தெரிந்தால் காய்ந்த அசாம் காண்டிஸ் எவ்வளவு வாங்குவது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
வாப்பா
படாங்