டிகாஷன் போதும், ஆரம்பித்துவிடு

குடியாத்தம்

அன்புள்ள கண்ணுக்கு,

ரத்தசோகை தீர்ந்து உடம்பில் ரத்தம் ஊறுகிற வரைக்கும் அசதி இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக, உடம்பு தேறட்டும், பெயிண்ட் வாங்கி அப்புறம் வரைகிறேன் என்று நீ தள்ளிப்போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உன் சமையலறையில் இருப்பதே போதும்.

முதலில் காபி டிகாஷன் மட்டும். ஒரு கிண்ணத்தில் திக்காக, இன்னொன்றில் தண்ணீர் விட்டு வைத்துக்கொள். மெல்லிய பூச்சு ஒன்று போட்டுவிட்டு, காய்கிற வரை படுத்துக்கொள். காய்ந்த பிறகு நிழல் பக்கம் மட்டும் இன்னொரு பூச்சு. வெளிச்சம் படும் இடத்தைத் தொடவே தொடாதே, காகிதத்தின் வெள்ளைதான் அங்கே வெள்ளை. ஈரத்தின் மேல் வைத்தால் ஓரம் கலைந்துவிடும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் சும்மா இருப்பதுதான். இப்போதைய உன் உடம்புக்கு இதுவே சரி. (அந்த டிகாஷனை இரும்புச்சத்து மாத்திரையோடு குடித்துவிடாதே. காபி இருந்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.)

நோட்டுத் தாள் நனைந்தால் சுருங்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் வழவழப்பு இல்லாத பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பரீட்சை அட்டையில் மாட்டிக்கொள். தலையணையில் சாய்ந்தபடியே வரையலாம். கை சோர்வதற்கு முன்பே நிறுத்திவிடு.

பிரஷ்ஷுக்கு ஊதுவத்திக் குச்சி இருக்கிறது. நுனியைக் கூராக்கி, சற்று மேலே பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டு. துணி சாயத்தைக் குடித்துக்கொள்ளும், விரலால் அழுத்தினால் நுனிக்கு இறங்கும். காளஹஸ்தியில் துணியில் கலம்காரி ஓவியம் போடுகிறவர்கள் மூங்கில் குச்சியில் இப்படித்தான் செய்கிறார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் அந்த ஊரும் நம் வடஆற்காடு மாவட்டம்தான்.

நிறம் வேண்டும் என்று தோன்றும்போது மஞ்சளைக் கரைத்துக்கொள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி பட்டால் சிவந்துவிடும், அழகாக இருக்கும். ஆனால் வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். பீட்ரூட்டும் நிற்காது. காவிதான் நிற்கும், அதன் சிவப்பு மண்ணில் உள்ள இரும்பு. வெறும் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் கையோடு வந்துவிடும், பிசின் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் வாட்டர் கலரிலும் வேல மர வகைப் பிசின்தான் சேர்க்கிறார்கள். கருவேலம் பிசினை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடிகட்டிக்கொள்.

நைனா சனிக்கிழமை கிளம்புகிறார். காவிக்கட்டியும் பிசினும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும். குழம்பு வைக்கும் முன் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வை. மேலே பளபளப்பு, அடியில் கருப்பு, காம்பில் முள். வெளிச்சத்தையும் நிழலையும் பழக அதைவிட நல்ல காய் இல்லை. எப்படி வந்தாலும் படத்தைப் போனில் எனக்கு அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடு, குண்டு பல்பில் டிகாஷன் நிறம் சரியாகத் தெரியாது.

அன்புடன்,
அம்மா