யாருக்கு சீட் என்று நாங்களே சொன்னோம்

ஜெர்சி சிட்டி
15 ஜூன் 2025

அன்புள்ள சுந்தரம்,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல்.

செவ்வாய்க்கிழமை வாக்களித்துவிட்டு வந்ததிலிருந்து உன் தம்பி ஞாபகமாகவே இருக்கிறது. 2021-இல் விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, சட்டை மடிப்புக் கலையாமல் சென்னைக்கு நேர்காணலுக்குப் போனானே. ஐந்து நிமிடம்கூட உட்கார வைக்கவில்லை என்றான். அப்புறம் பட்டியலில் வேறு யாரோ பெயர். இருபது வருஷம் கொடி பிடித்தவன்.

இங்கே அந்தப் பட்டியலை வாக்காளர்களே போடுகிறோம். நவம்பரில் கட்சிகளுக்கு இடையே மோதல். அதற்கு முன் ஜூனில், ஒவ்வொரு கட்சியிலும் யாருக்கு சீட் என்பதற்கே ஒரு தேர்தல். நியூஜெர்சி சட்டமன்றக் கீழவையில் 40 தொகுதி, தொகுதிக்கு 2 பேர். எங்கள் 32-ஆவது தொகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஜூனில் ஜெயித்தவர்தான் உறுப்பினர் என்று வைத்துக்கொள்.

ஆனால் போன வருஷம் வரை இதிலும் ஒரு சூது இருந்தது. மாநிலத்தின் 21 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 19-இல், கட்சி நிர்வாகம் ஆதரிக்கும் ஆட்களின் பெயரெல்லாம் வாக்குச்சீட்டில் ஒரே நேர்க்கோட்டில் வரும். 'லைன்' என்றே பெயர். தலையில் ஆளுநர் வேட்பாளரோ செனட் வேட்பாளரோ, கீழே மற்றவர்கள். எதிர்த்து நிற்பவர் எங்கோ ஓரத்தில், வெற்றுக் கட்டங்களுக்கு அப்பால். குடியுரிமை வாங்கி முதல் தடவை வாக்களித்தபோது நானும் அந்தக் கோட்டிலேயே விரலை ஓட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மாதிரிச் சீட்டைப் பிரித்தால், மழையில் என் கதவைத் தட்டி அரை மணி நேரம் பேசிவிட்டுப் போன பெண்ணின் பெயர் கடைசி ஓரத்தில் இருக்கிறது. அவருக்குத்தான் போட நினைத்திருந்தேன். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

2024-இல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டார். மார்ச் 29-ஆம் தேதி கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரைஷி ஜனநாயகக் கட்சித் தேர்தலில் அந்த லைனுக்குத் தடை விதித்தார். இந்த வருஷம் சட்டமே மாறி, இரண்டு கட்சிகளுக்கும் பதவிவாரியாகத்தான் பெயர்கள். சட்டமன்றப் பதவி என்றால் அதற்கு நிற்பவர்கள் அத்தனை பேரும் பக்கத்துப் பக்கத்தில்.

எங்கள் தொகுதியில் ஹோபோக்கன் மேயர் ரவி பல்லாவும் கேட்டி பிரென்னனும் ஜெயித்தார்கள். பல்லா சீக்கியர், போன வருஷம்தான் நாடாளுமன்றத்துக்கான உட்கட்சித் தேர்தலில் தோற்றவர். கவுண்டி நிர்வாகம் ஆதரித்த ஜோடிக்கு இடம் கிடைக்கவில்லை. பதவியில் இருந்த ஜெசிகா ராமிரெஸும் தோற்றார். லைன் இருந்த காலத்தில் இப்படியொரு முடிவை நான் எதிர்பார்த்திருக்கவே மாட்டேன். இப்போதும் பணம் தேவைதான், சுவரொட்டியும் தொலைபேசி அழைப்பும் ஓயவில்லை. ஆனாலும் இந்தத் தடவை ஒவ்வொரு பெயராக நின்று படித்துத்தான் வாக்களித்தேன்.

இந்த வருஷத்து மாதிரி வாக்குச்சீட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். தம்பியிடம் கொடு. மறுபடி மனுப் போடப் போகிறானா என்று கேட்டு எழுது.

உன்,
ராமநாதன்