இரண்டாவது முறை வரும்போது கவனமாகக் கேள்

அன்புள்ள பாப்பா,

கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கிற ஆப்பராவுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள், மொழியும் சரியாகத் தெரியாது, அவ்வளவு நேரம் உட்கார முடியுமா தெரியவில்லை, போகட்டுமா என்று கேட்டாய். போனில் "கண்டிப்பாகப் போ" என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதுவதுதான் சரி என்று பட்டது, ஏனென்றால் இது எனக்கு உயிரான விஷயம், போனில் ஆரம்பித்தால் உன் மதிய இடைவேளை முழுக்க அதிலேயே போய்விடும்.

நீ பார்க்கப்போவது டோனிசெட்டி இசையமைத்த 'லெலிசிர் தமோரே', அதாவது 'காதல் மருந்து'. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை. 1832 மே மாதம், நீ இப்போது இருக்கிற அதே மிலானில், கனோபியானா என்ற அரங்கில்தான் முதலில் மேடையேறியது. அந்தக் காலத்து இத்தாலிய ஆப்பராவைத்தான் பெல் கான்டோ, அதாவது அழகாகப் பாடுவது, என்கிறார்கள். தோராயமாக 1810-இலிருந்து 1840-களின் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள். பெரிய பெயர்கள் மூன்று: பெசாரோவில் பிறந்த ரொசினி, பெர்கமோவில் பிறந்த டோனிசெட்டி, சிசிலியில் கட்டானியாவில் பிறந்த பெல்லினி. பின்னால் வந்த வெர்டியும் புச்சினியும் இவர்களைவிடப் பிரபலம், அவர்களுடைய ஆர்க்கெஸ்ட்ராவும், அதாவது வாத்தியக் குழுவும், கனம். ஆனால் ஒரு மனிதக் குரலால் எதையெல்லாம் சொல்லிவிட முடியும் என்று தெரிய வேண்டுமென்றால் இந்த மூன்று பேரிடம்தான் போக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரங்கில் மைக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார். முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும்போது அதையும் தாண்டி, மேல்மாடியில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் உன் காது வரை ஒரு தொண்டையிலிருந்து வருகிற சத்தம் வந்து சேர வேண்டும். கத்தினால் வராது. ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, மேலே போகப்போகக் குறைகிறது. நன்றாகப் பழகிய குரல், முக்கியமாக ஆண் குரல், 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனிக் கூர்மையைச் சேர்த்துக்கொள்கிறது, வாத்தியங்கள் அங்கே பலவீனம், நம் காதோ அங்கேதான் நுட்பமாகக் கேட்கும். நீ இன்ஜினியர், உனக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம் மூச்சு. ஒரே சுரத்தை மெல்லியதாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, திரும்பவும் மெல்லியதாக்கி, நடுவில் எங்கும் ஆடாமல் முடிப்பதற்கு மெஸ்ஸா தி வோச்சே என்று பெயர். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் சாதகம் செய்தவர்களுக்குத்தான் அது கைவரும்.

இதைச் சொல்லித்தந்தவர்களில் மானுவல் கார்சியா என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. அவருடைய அப்பாவும் அதே பெயர்தான், 1816-இல் ரோமில் ரொசினியின் 'செவில் நகரத்து நாவிதன்' முதன்முதலில் நடந்தபோது அல்மவீவா பிரபுவாகப் பாடியவர். தங்கை மரியா மலிப்ரான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருவர். மகன் மானுவல் பாட்டு வாத்தியாராகி, பாடும் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதி, குரல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே தீருவது என்று 1854-இல் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய வெளிச்சத்தை இன்னொரு கண்ணாடியால் அதில் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். தொண்டை டாக்டர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 101 வயது வரை வாழ்ந்தார்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்வார்கள்: கதை நகரவே மாட்டேன் என்கிறது, பாடினதையே திரும்பப் பாடுகிறார்கள். திரும்பப் பாடுகிறார்கள்தான். அந்தத் திரும்பலில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரிய பாட்டு ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே கட்டுமானத்தில் வரும். முதலில் ஒரு மெதுவான பகுதி, மூச்சு நீளமாக, அவசரமே இல்லாமல். நடுவில் ஏதாவது நடக்கும், யாராவது ஓடி வருவார்கள், ஒரு செய்தி வரும், கூட்டம் சத்தம் போடும். அதனால் மனநிலை மாறிவிடும், உடனே வேகமான பகுதி, அதற்குக் காபலெட்டா என்று பெயர், அது இரண்டு முறை வரும். பெல்லினியின் 'நோர்மா'வில் இதைப் பார்த்தால் அப்படியே விளங்கும். நோர்மா ரோமானியர்கள் ஆண்ட கால்லியா நாட்டில், இன்றைய பிரான்ஸ் பக்கம், தலைமைப் பூசாரி. ஊர் முழுக்க ரோமானியர்கள்மேல் படையெடுக்கத் துடிக்கிறது. அவளோ ரகசியமாக ரோமானிய அதிகாரியான பொல்லியோனேயைக் காதலித்து, இரண்டு குழந்தைகளும் பெற்றவள், அது யாருக்கும் தெரியாது. அவள் நிலாவைப் பார்த்து, வானத்தில் இருக்கிற அமைதியைப் பூமிக்கும் கொடு என்று வேண்டுகிற பாட்டுதான் 'காஸ்தா தீவா'. எல்லாரும் கேட்டிருப்பார்கள், விளம்பரங்களில்கூட வருகிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. வேண்டுதல் முடிந்ததும் கூட்டம், முதலில் சாக வேண்டியவன் அந்த ரோமானிய அதிகாரிதான் என்று கத்தும். அவள் ஊருக்குக் கேட்கிற மாதிரி, அவனைத் தண்டிக்க என்னால் முடியும் என்கிறாள், பிறகு தனக்குள், என் மனசால் முடியாதே என்கிறாள். அடுத்து வருகிற காபலெட்டா முழுக்க அவனைக் கூப்பிடுவது, பழையபடி என்னிடம் திரும்பி வா என்று, சுற்றி அத்தனை பேர் நிற்க, ஒருவருக்கும் தெரியாமல். மெதுவான பகுதி ஊருக்காக, வேகமான பகுதி அவளுக்காக. முதல் பாதியை மட்டும் கேட்கிறவர்களுக்கு அது ஓர் அழகான பிரார்த்தனைப் பாட்டு, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரு பெண் மாட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

இனி அந்த இரண்டு முறை விஷயம். காபலெட்டா முதல் தடவை வரும்போது பெரும்பாலும் எழுதியபடியே பாடுவார்கள். இரண்டாம் தடவை பாடகர் தன் கற்பனையைச் சேர்க்க வேண்டும், எழுதியவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் இடம் விட்டார்கள். நம் பாட்டில் பல்லவிக்குச் சங்கதி போடுவதைக் கேட்டு வளர்ந்த காது உன்னுடையது, அதனால் உனக்கு இது அந்நியமாகவே இருக்காது, சொல்லப்போனால் கூட வருகிறவர்களைவிட நீ சீக்கிரம் பிடித்துவிடுவாய். ஒரே வரிதான், ஆனால் முதல் தடவை ஆசையாக இருந்தது இரண்டாம் தடவை பயமாகவோ வெறியாகவோ மாறியிருக்கும், அந்த மாற்றத்தை உண்டாக்குவது சேர்த்துப் பாடுகிற அந்தச் சின்னச் சின்ன சுரங்கள்தான். வேகத்தைக் காட்டுவதற்காக மட்டும் சேர்க்கிறவர்களும் உண்டு. வித்தியாசம் உனக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுவில் இந்த இரண்டாம் தடவையை நீளம் என்று வெட்டிவிடுவது சகஜமாக இருந்தது, பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றிலும் அப்படித்தான். யூடியூபில் தேடும்போது வெட்டாத பதிவாகப் பார்த்துக் கேள். பாடகி மரியா காலஸ் பதிவுகளில் வெட்டு நிறைய, ஆனாலும் அவரைக் கேட்காமல் விடாதே. 1949-இல் வெனிஸில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் கனமான புரூன்ஹில்டா பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தவர், வேறொரு பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, சில நாட்களுக்குள் பெல்லினியின் 'இ புரித்தானி'யில் எல்வீராவைப் படித்துப் பாடினார். அவ்வளவு கனமான குரலால் இவ்வளவு நுணுக்கமும் முடியும் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. பல காலமாகத் தூங்கிக்கிடந்த இந்த ஆப்பராக்கள் திரும்ப மேடைக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து ஜோன் சதர்லேண்ட், 1959-இல் லண்டனில் டோனிசெட்டியின் 'லூச்சியா தி லம்மெர்மூர்'. கல்யாண ராத்திரியில் மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டு புத்தி பேதலித்து வருகிற பெண்ணின் காட்சி அது. அதில் அவள் குரலோடு வழக்கமாகப் புல்லாங்குழல் வரும், ஆனால் டோனிசெட்டி முதலில் நினைத்தது அதை இல்லை, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணங்களைத் தடவி வாசிக்கிற ஒரு வாத்தியத்தை. சில அரங்குகளில் இப்போது அதையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், உடம்பு சிலிர்க்கும்.

மேல் சுரம் எப்போது வரும் என்று மட்டும் காத்துக்கொண்டிருக்காதே. அந்தப் பழக்கமும் ஒரு காலத்தில் ஆரம்பித்ததுதான். 1837-இல் பாரிஸில் துப்ரே என்ற பாடகர் மேல் ஸ்தாயி 'சி'யை முழு மார்புக் குரலில் பாடிக் கூட்டத்தைக் கிறங்கடித்தார், ரொசினிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, அவர் எழுதிய பாட்டுதான் அது. அதுவரை அந்த உயரத்தில் மென்மையாகப் பாடுவதுதான் வழக்கம். நானும் ரொசினி கட்சிதான்.

இப்போது நீ பார்க்கப்போகிற கதை. நெமொரினோ ஒன்றுமில்லாத கிராமத்துப் பையன், அதீனா நிலபுலன் உள்ளவள், படித்தவள். அவளைக் கவர ஒரு மருந்து வேண்டும் என்று இவன் துல்கமாரா என்ற போலி வைத்தியனிடம் போக, அவன் சாதாரண திராட்சை மதுவைக் குப்பியில் ஊற்றிக் காதல் மருந்து என்று விற்றுவிடுகிறான். இன்னொரு குப்பி வாங்கக் காசில்லாமல் இவன் பட்டாளத்தில் பெயர் கொடுக்கிறான். அதற்குள் இவனுடைய மாமன் இறந்து சொத்தெல்லாம் இவனுக்கு வந்த செய்தி ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது, இவனுக்குத் தெரியாது, எல்லாரும் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறான். முக்கால்வாசி நேரம் சிரித்துக்கொண்டே இருப்பாய்.

இரண்டாம் அங்கத்தின் கடைசிப் பக்கம் திடீரென்று எல்லாம் நின்று பஸூன் என்கிற கீழ்க்குரல் ஊதுவாத்தியம் தனியாக வாசிக்கும், கீழே வீணை மாதிரி ஹார்ப் தொட்டுத் தொட்டுப் போகும். அதுதான் 'ஊனா ஃபுர்த்திவா லாக்ரிமா'. அதீனாவின் கண்ணில் ஒரு துளி கண்ணீர் எட்டிப் பார்த்ததை நெமொரினோ கவனித்துவிட்டான், அதைத்தான் பாடுகிறான். இதில் காபலெட்டா கிடையாது, வேகம் கிடையாது, ஆனால் இரண்டு சரணம் உண்டு. ஒரே மெட்டு சோகமான சுருதியில் தொடங்கும். முதல் சரணத்தில் 'அவள் என்னை விரும்புகிறாள்' என்ற இடம் வரும்போது வெளிச்சம் வந்த மாதிரி மேஜருக்கு, அதாவது மகிழ்ச்சியாக ஒலிக்கிற சுர வரிசைக்கு, மாறும். இரண்டாம் சரணத்தில் அதே எதிர்பார்ப்போடு நீ காத்திருக்கும்போது வேறொரு மேஜருக்கு, தொடங்கின அதே ஆதார சுரத்தின் மேஜருக்குப் போகும், வார்த்தையோ 'இனி செத்தாலும் பரவாயில்லை, வேறொன்றும் கேட்கமாட்டேன்' என்பது. சிரிக்க வைத்துக்கொண்டிருந்த பையன் அந்த இடத்தில் பெரிய மனிதனாகிவிடுவான். ஒரு நகைச்சுவைக் கதைக்கு நடுவில் இப்படி ஒரு பாட்டை வைக்க டோனிசெட்டிக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, நான் நினைத்து நினைத்து மாய்ந்துபோகிற இடம் இது.

போவதற்கு முன்னால் கதையை ஒருமுறை முழுக்கப் படித்துவிடு, மேடையில் வரிகள் ஓடும் என்றாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு போய்விடும். முழு ஆப்பராவையும் வீட்டிலேயே கேட்டுத் தீர்க்க வேண்டாம், இந்த ஒரு பாட்டை மட்டும் இரண்டு மூன்று பாடகர்களிடம் கேள், பவரோட்டியிடம் கட்டாயம். ரொசினியின் 'நாவிதன்' முதல் ராத்திரி ரோமில் சீழ்க்கை அடித்து விரட்டப்பட்டதும், அடுத்த நாளே கொண்டாடப்பட்டதும் பெரிய கதை, அதை இன்னொரு முறை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்கமோவுக்கும் போய் வா, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். மேல் நகரத்துக்கு வெளியே போர்கோ கனாலே என்ற தெருவில் டோனிசெட்டி பிறந்த வீடு இருக்கிறது, வெளிச்சமே நுழையாத நிலவறை. அந்த வறுமையில் பிறந்த பையனை ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசமாக நடந்த இசைப் பள்ளியில் 1806-இல் சேர்த்துக்கொண்டவர் சிமோன் மயர், பவேரியாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். மயர் இல்லையென்றால் நீ அன்றைக்குக் கேட்கப்போகிற எதுவுமே இல்லை. டோனிசெட்டி மனைவியையும் குழந்தைகளையும் இழந்து, கடைசியில் புத்தி கலங்கி, 1848-இல் அதே ஊரில் இறந்தார். சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலில் குரு, சிஷ்யன் இருவர் சமாதியும் இருக்கிறது. எனக்காக அங்கே ஒரு நிமிடம் நில்.

நான் கேட்டதெல்லாம் ஒலிப்பதிவில்தான், அரங்கில் நேராக ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அதனால் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு நேரமானாலும் சரி, அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தை நெமொரினோவாக வருகிறவர் எப்படிப் பாடினார், முதல் சரணத்தைவிட மெதுவாகவா சத்தமாகவா, கடைசி வரிக்கு முன்னால் எங்கே மூச்சு எடுத்தார், கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது, எல்லாவற்றையும் மறப்பதற்குள் எனக்கு எழுது. டிக்கெட் பணத்தை நான் அனுப்புகிறேன், முன்வரிசைதான் வேண்டும் என்று இருக்காதே, மேல்மாடியிலேயே எடு, குரல் அங்கே நன்றாகக் கேட்கும் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அம்மா கம்பளிக் கோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா