வாக்கை மீறினால் யாரிடம் முறையிடுவது? பேஸ்பால் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் திரு. ராப் மேன்ஃப்ரெட் அவர்களுக்கும், 30 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் கேட்டரிங் தொழில் செய்கிறேன். பக்கத்து ஊரான ஓக்லண்டில் ஆடிவந்த ஏஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், ஏஸ் ஆடிய ஓக்லண்ட் கொலிசியம் மைதானத்தின் மேல்தட்டு இருக்கைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

லீக்கில் இன்னும் இரண்டு அணிகளைச் சேர்த்து 32 ஆக்கும் பேச்சு அடிபடுகிறது. கமிஷனர் அவர்களே, 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் அந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்துவிட விரும்புவதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் பல ஊர்களின் மேயர்கள் உங்களிடம் வருவார்கள். நிலம் தருகிறோம், வரிப்பணம் தருகிறோம் என்பார்கள். நீங்களும் வாக்குக் கொடுப்பீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கோரிக்கை. ஊருக்குக் கொடுக்கும் வாக்கை எழுத்தில் கொடுங்கள். அது மீறப்பட்டது என்று ஊர் முறையிட்டால், விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான ஒரு மத்தியஸ்தரை வையுங்கள்.

உங்கள் வீரர்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஏஸ் அணியே சாட்சி. 1974ல் அன்றைய உரிமையாளர் சார்லி ஃபின்லி, பந்து வீசுபவரான பிட்ச்சர் ஜிம் 'கேட்ஃபிஷ்' ஹன்டருக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் பேசினார். அதில் பாதியை, அதாவது 50,000 டாலரை, ஹன்டரின் பிற்கால வருமானத்துக்காகக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். வரிக்கணக்கில் அது தமக்குச் சாதகமாக இல்லை என்று தெரிந்ததும் ஃபின்லி கட்ட மறுத்தார். அந்த ஆண்டு ஹன்டர் 25 ஆட்டங்களை வென்றார், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார், ஏஸ் தொடர்ந்து மூன்றாவது முறையாக லீக்கின் சாம்பியன் பட்டமான உலகத் தொடரைக் கைப்பற்றியது. தன் பங்கை அவர் முழுதாகச் செய்துவிட்டார். டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தத்தை மீறியது உரிமையாளர், ஆகவே ஹன்டர் இனி இந்த அணிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. ஆண்டின் கடைசி நாளில் யாங்கீஸ் அணி 3 மில்லியன் டாலருக்கும் மேலே கொடுத்து ஐந்து ஆண்டுக்கு அவரை எடுத்துக்கொண்டது. 50,000 டாலரில் பேச்சு மாறியவர், அன்றைய பேஸ்பாலின் தலைசிறந்த பிட்ச்சரை இழந்தார்.

பேஸ்பாலில் சொன்ன சொல் காப்பாற்றப்படுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாபி பொனியா என்ற வீரர் கடைசியாக ஆடியது 2001ல். ஆனாலும், சம்பளத்தைப் பிற்காலத்தில் தருவதாக எழுதிக் கொடுத்தபடி, மெட்ஸ் அணி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று அவருக்கு 1,193,248 டாலரும் 20 சென்ட்டும் கொடுக்கிறது. 2035 வரை கொடுக்கும். பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு மரியாதைதான் தோன்றுகிறது. எழுதிக் கொடுத்தார்கள், கொடுக்கிறார்கள். வீரருக்கு 20 சென்ட் வரைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, ஊருக்குக் கொடுத்த வாக்கு மட்டும் ஏன் கனமில்லாமல் போகிறது?

ஓக்லண்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 'ஓக்லண்டில் வேரூன்றியவர்கள்' என்று அணியே ஊரெங்கும் விளம்பரம் செய்தது. துறைமுகத்தை ஒட்டிய ஹாவர்ட் டெர்மினலில் புது மைதானம் கட்டுவதாகப் பேச்சு. நகராட்சி மன்றம் கூட்டம் மேல் கூட்டம் போட்டு, 2022 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஒப்புதலும் கொடுத்தது. 2023 ஏப்ரலில், பேச்சுவார்த்தை முடியும் முன்பே, லாஸ் வேகஸில் நிலம் பேசி முடித்தாயிற்று என்று செய்தி வந்தது. ஜூனில் நெவாடா அரசு 380 மில்லியன் டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் போட்டது. அதே ஜூன் 13 அன்று, அணியை விற்றுவிடுங்கள் என்று உரிமையாளர் திரு. ஜான் ஃபிஷரிடம் கேட்க 27,759 பேர் கொலிசியத்துக்கு வந்தார்கள். நவம்பரில் நீங்கள் 30 பேரும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தீர்கள். அணி லீக்குக்குக் கட்ட வேண்டிய இடமாற்றக் கட்டணத்தைக்கூட வேண்டாம் என்றீர்கள். 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம், 46,889 பேர். இப்போது அந்த அணி சாக்ரமெண்டோ பக்கம், மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கின் ஒரு மைதானத்தில், பெயரில் எந்த ஊரும் இல்லாமல் ஆடுகிறது.

இதில் ஓக்லண்ட் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்? நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். பக்கத்து ஊரான சான் ஹோசே போய்ப் பார்த்தது. ஏஸ் அங்கே வர விரும்பியது, ஊரும் அழைத்தது. ஆனால் அந்தப் பிரதேசம் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் அணிக்கு உரியது என்று லீக் வழிவிடவில்லை. சான் ஹோசே தொடுத்த வழக்கு 2015ல் தோற்றது. காரணம், வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டங்கள் பேஸ்பாலைக் கட்டுப்படுத்தாது என்று 1922ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கு. நூறாண்டு பழைய அந்தத் தீர்ப்பு இன்னும் உங்களுக்குக் காவல் நிற்கிறது. அமெரிக்காவில் வேறு எந்த விளையாட்டு லீக்குக்கும் இப்படியொரு சலுகை கிடையாது.

அந்தப் பிரதேச உரிமை ஜயண்ட்ஸ் கைக்கு எப்படிப் போனது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. 1990 வாக்கில் ஜயண்ட்ஸ் சான் ஹோசே பக்கம் போக முயன்றபோது, ஏஸ் உரிமையாளராக இருந்த வால்டர் ஹாஸ் ஒரு காசு வாங்காமல் சம்மதம் கொடுத்தார். பக்கத்து அணி பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணம். அங்கே மைதானத்துக்காக நடந்த மக்கள் வாக்கெடுப்பு தோற்றது, ஜயண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே தங்கியது. காரணம் தீர்ந்தபிறகும் உரிமை திரும்பி வரவில்லை. பின்னாளில் ஏஸ் கேட்டபோது 2009ல் லீக் ஒரு குழுவைப் போட்டது. ஆண்டுகள் ஓடின, முடிவு வரவில்லை. ஒரு நல்ல மனிதர் நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் துணிவு உங்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஓக்லண்ட் அணியை இழந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனாலும் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது மைதானத்தை நினைத்து அல்ல, 400 டாலரை நினைத்து.

2020ல் தொற்றுநோய் வந்து ஆட்டங்கள் நின்றபோது, மைனர் லீக் பையன்களுக்கு வாரம் 400 டாலர் உதவித்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தீர்கள். அந்தப் பையன்களின் ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. கையெழுத்துப் போட்டால் ஏழு சீசன் அந்த அணிக்குக் கட்டுப்பட்டவன். வேறு அணிக்குப் போக முடியாது. அணி மட்டும் எந்த நாளும் அவனை விடுவித்துவிடலாம். மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றான கிளாஸ் ஏ மட்டத்தில் அன்று குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. குளிர்காலத்தில் உடம்பைத் தயார் செய்வது அவன் பாடு. அறை வாடகைக்கு நாலைந்து பேர் சேர்ந்து, காற்றடைத்த மெத்தையில் படுத்துக்கொண்டு, என்றாவது ஒருநாள் மேலே கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் வாழ்க்கை.

அந்த மே மாதக் கடைசியில் ஏஸ் நிர்வாகம் தன் மைனர் லீக் வீரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது: 31ஆம் தேதியோடு உதவித்தொகை நிறுத்தம். ஆனால் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். சம்பளம் இல்லை, விடுதலையும் இல்லை. ஆகஸ்ட் முடியக் கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 5,200 டாலர். நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று, ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் அந்தத் தொகையை மிச்சம் பிடிக்கப் பார்த்தது. நாடே திட்டியபிறகு, ஜூன் தொடக்கத்தில், திரு. ஃபிஷர் தவறு செய்துவிட்டதாகச் சொல்லி முடிவை மாற்றினார். மாற்றியது நல்லது, நன்றி. ஆனால் சட்டப்படி அவர் மாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. லீக் மே 31 வரைக்கும்தான் கட்டாயமாக்கியிருந்தது. ஊர் வாய் திறக்காவிட்டால் அந்தப் பையன்களுக்கு வழியே இல்லை. அவர்களுக்காகப் பேச அன்று சங்கமும் கிடையாது, முறையிட மத்தியஸ்தரும் கிடையாது.

அதே வசந்தத்தில் கொலிசியத்தின் ஆண்டு வாடகையான 1.2 மில்லியன் டாலரைக் கட்ட இயலாது என்றும் அணி சொன்னது. மைதானத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்பது காரணம்.

எங்கள் தொழிலும் அப்போது படுத்துவிட்டது. கல்யாணம், வளைகாப்பு, அரங்கேற்றம் எல்லாம் ரத்து. முன்பணம் திருப்பித் தரப்படாது என்று எங்கள் ஒப்பந்தத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தோம். சமையற்கூட வாடகையைக் கட்டினோம், பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் முடிந்ததைக் கொடுத்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் சொன்ன சொல் மாறினால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், அந்தப் பயமும் எங்களை நேர்மையாக வைத்திருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் என்னை விட்டு வேறு ஆளிடம் போகலாம். ஓக்லண்ட் உங்களை விட்டு வேறு மேஜர் லீக்கிடம் போக முடியாது. இருப்பது ஒன்றுதான், அது உங்களுடையது. போட்டியின் பயமும் இல்லை, நீதிமன்றத்தின் பயமும் இல்லை என்றால், வாக்கைக் காப்பாற்ற வைப்பது எது? அதனால்தான் மத்தியஸ்தர் வேண்டும் என்று மறுபடியும் கேட்கிறேன்.

எழுத்தும் சங்கமும் வந்தபிறகு அந்தப் பையன்களின் நிலைமை எப்படி மாறியது பாருங்கள். 2022ல் மைனர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023ல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அந்த ஆண்டு, மைனர் லீக்கின் மேல்படியான டிரிப்பிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர் ஆனது, கிளாஸ் ஏ வீரருக்கு 26,200. இதனால் எந்த அணியும் திவாலாகவில்லை.

எழுத்து இருந்தாலும் மீறுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 1985 முதல் 1987 வரை, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த மற்ற அணி வீரர்களை ஒருவரும் எடுக்கக்கூடாது என்று உங்களுக்கு முந்தைய உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். கூட்டு ஒப்பந்தத்துக்கு நேர் விரோதம். மத்தியஸ்தர்கள் கண்டுபிடித்தார்கள், 1990ல் 280 மில்லியன் டாலர் கொடுத்துத்தான் தீர்க்க முடிந்தது. மத்தியஸ்தர் இல்லாமலிருந்தால் அது வெறும் வதந்தியாகவே போயிருக்கும்.

ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கதையும் எங்கள் கதைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி அங்கே ரேய்ஸ் அணி ஆடும் ட்ராபிகானா ஃபீல்ட் மைதானத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தது. சரிசெய்து தர வேண்டியது ஒப்பந்தப்படி நகரத்தின் பொறுப்பு. தங்கள் வீடுகளே இடிந்து கிடந்தபோதும் அந்த ஊர் மக்கள் 50 மில்லியன் டாலருக்கும் மேலான அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். புது மைதானத்துக்குப் பேசி வைத்திருந்த திட்டத்திலிருந்து ரேய்ஸ் அணி 2025 மார்ச்சில் விலகிக்கொண்டது. தாமதமும் செலவும் காரணம் என்றது. இருக்கலாம். ஆனால் விலகிய காரணம் நியாயமானதா என்று பார்க்க ஒரு பொது ஆள் வேண்டாமா? ஊரைக் கட்டிப்போடும் காகிதம் அணியையும் கட்டிப்போட வேண்டாமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். புது அணிக்காக எந்த ஊரோடு பேசினாலும், பொதுப்பணம் வாங்கும் எந்த மைதானத் திட்டத்திலும், அணி எத்தனை ஆண்டு அங்கே இருக்கும், இடையில் விலகினால் ஊருக்கு என்ன கொடுக்கும், பெயரும் நிறமும் வரலாறும் யாரிடம் இருக்கும், மைதானத்தில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஈடு என்பதை எழுதுங்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போது வேறு ஊரோடு பேசினால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மீறல் என்று ஊர் சொன்னால், ஹன்டர் விவகாரத்தில் சைட்ஸ் உட்கார்ந்ததுபோல, வெளியாள் ஒருவர் உட்கார்ந்து விசாரிக்கட்டும். அவர் சொல்வது உங்கள் 30 பேரின் வாக்கெடுப்பையும் கட்டுப்படுத்தட்டும்.

ஓக்லண்ட் உங்களுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ரசிகர்களே பங்குபோட்டு பாலர்ஸ் என்ற சிறு அணியை வளர்க்கிறார்கள், ரைமாண்டி பூங்காவில் ஆடுகிறார்கள், நானும் போகிறேன். ஆனாலும் விரிவாக்கப் பட்டியலில் ஓக்லண்டின் பெயரையும் வையுங்கள் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். வைத்தால், இந்த முறை எழுத்தில் கொடுங்கள், விசாரிக்க ஆளையும் வையுங்கள்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஃப்ரீமாண்டிலிருந்து ஓர் ஏஸ் ரசிகன்