முருகேசனுக்கு, கிளஸ்டர் ஃபில்டர் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மொட்டை மாடியில் டைபோல் ஆன்டெனா ஏற்றிவிட்டாய் என்பதை இரண்டு முறை படித்துச் சந்தோஷப்பட்டேன். ரிட்டயர் ஆனதும் நீ மறுபடி ஹாம் ரேடியோ பேண்டுக்கு வருவாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பேத்திக்கு மோர்ஸ் சொல்லித் தருகிறாயாமே, அது இன்னும் நல்ல சேதி. இங்கே கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எந்த ஸ்டேஷன் எங்கே கேட்கிறது என்ற அறிவிப்புகளை ஹாம்கள் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில், டிஎக்ஸ் ஸ்பைடர் மென்பொருள் ஓடும் நோடுக்குள் போனால் ஒரு ஸ்பாட்டை, அதாவது ஒரு அறிவிப்பை, படித்து முடிப்பதற்குள் திரை ஓடிவிடுகிறது என்கிறாய். நாம் பழகிய காலத்தில் ஸ்பாட் என்றால் யாரோ ஒருவர் காதால் கேட்டு, கையால் தட்டி அனுப்பியது. 2008 வாக்கில் சிடபிள்யூவை, அதாவது மோர்ஸை, தானே படிக்கும் சிடபிள்யூ ஸ்கிம்மர் மென்பொருள் வந்தது, அதை வைத்து ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் வளர்ந்தது. இப்போது உலகம் முழுக்க ஆளில்லாத ரிசீவர்கள் பேண்டை முழுசாகக் கேட்டு, சிக்யூ, அதாவது யாராவது பதில் சொல்லுங்கள் என்று கூப்பிடும் ஒவ்வொருவரையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கு மேல் 2017-இல் வந்த எஃப்டி8 என்ற கணினி வழி டிஜிட்டல் முறைக் கூட்டம் வேறு. நவம்பர் கடைசி வார இறுதியில், சிக்யூ வேர்ல்ட் வைட் சிடபிள்யூ போட்டி நடக்கும்போது, ஃபில்டர் இல்லாமல் கிளஸ்டரைத் திறப்பதில் அர்த்தமே இல்லை.

பலரும் எந்த நாட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்பதை வைத்துத்தான் ஃபில்டர் போடுகிறார்கள். அதைவிட முக்கியம், கேட்டவர் எங்கே இருக்கிறார் என்பது. கரீபியன் ஸ்டேஷன் ஒன்றை 21 மெகாஹெர்ட்ஸில் ஜெர்மனியில் ஒருவர் கேட்டார் என்றால், அது அவருக்குத் திறந்திருக்கும் பாதை. உன் டைபோலுக்கு அதனால் ஒன்றும் தெரியவராது. அதே ஸ்டேஷனைக் கொழும்பிலோ பெங்களூரிலோ கேட்டிருந்தால் உடனே டயலைத் திருப்பு.

ஸ்பைடரில் கேட்டவரின் சிக்யூ ஜோனை, அதாவது ஹாம்களுக்காக உலகத்தைப் பிரித்த பகுதி எண்ணை, வைத்துச் சலிக்க வழி இருக்கிறது. நாம் 22-ஆம் ஜோன். இலங்கை, மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம் எல்லாம் நம்மோடுதான். ஆனால் 22 மட்டும் போட்டால் திரை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், நம் பக்கம் ஸ்பாட் போடுகிறவர்கள் அவ்வளவு குறைவு. அதனால் 21, 26, 28 மூன்றையும் சேர்த்துக்கொள். 21-இல் வளைகுடா நாடுகளும் பாகிஸ்தானும், 26-இல் தாய்லாந்து, மியான்மர், நம் அந்தமானும் கூட, 28-இல் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா. ஐரோப்பா பக்கம் எப்படி இருக்கிறது என்பதற்கு வளைகுடாக்காரர்களைப் பார், பசிபிக் பக்கத்துக்குச் சிங்கப்பூர்க்காரர்களைப் பார். நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் நல்ல துப்பு கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வை. ரிஜெக்ட் வரிகள் மட்டும் இருந்தால் அவற்றில் சிக்காதது எல்லாம் உள்ளே வரும். ஒரே ஒரு அக்செப்ட் வரி போட்டாலும் போதும், எந்த அக்செப்ட்டிலும் சேராதது எல்லாம் வெளியே நின்றுவிடும். வரிகளுக்கு 0 முதல் 9 வரை எண் உண்டு, அந்த வரிசையில்தான் பார்க்கும். ஒரே எண்ணில் இரண்டும் இருந்தால் ரிஜெக்ட்டை முதலில் பார்க்கும். உனக்கு மோர்ஸ்தான் உயிர் என்பதால் 0-இல் எச்எஃப் டேட்டாவை, அதாவது சிற்றலையில் வரும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் ஸ்பாட்டுகளை, ரிஜெக்ட் செய்துவிடு. 1-இல் நான் சொன்ன நான்கு ஜோன்களை அக்செப்ட் செய். 2-இல் 50 மெகாஹெர்ட்ஸை முழுவதுமாக அக்செப்ட் செய். அந்த பேண்ட் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. அங்கே உலகத்தில் யார் எதைக் கேட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டளைகளை அப்படியே தட்டுகிற மாதிரி தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஃபில்டர் எண்ணிக்கையைத்தான் குறைக்கும், தப்பைத் திருத்தாது. வி என்பது மூன்று புள்ளி ஒரு கோடு, 4 என்பது நான்கு புள்ளி ஒரு கோடு. சத்தத்தில் ஒரு புள்ளி கூடுதலாகக் கேட்டுவிட்டால் வியு என்று தொடங்கும் நம் இந்திய ஸ்டேஷன் 4யு ஆகிவிடும், உடனே ஐநா ஸ்டேஷன் என்று நினைத்து ஒரு கூட்டம் ஓடிவரும். திரையில் வந்த கால்சைனை (அழைப்புக் குறியை) உன் காதால் கேட்டு உறுதி செய்துகொண்டு கூப்பிடு. உன் காதைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்புறம், இதைத்தான் நான் உன்னிடம் முக்கியமாகக் கேட்க நினைத்தேன். நீயும் ஸ்பாட் போடு. 22-ஆம் ஜோனை வைத்து ஃபில்டர் போட்டிருக்கும் ஒவ்வொருவரும் நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் வரிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் நேபாளத்திலோ மாலத்தீவிலோ ஒருவர் அந்தத் திறப்பைத் தவறவிடுவார். ஒருவர் ஸ்ப்ளிட்டில், அதாவது ஓர் அலைவரிசையில் அனுப்பி வேறொன்றில் கேட்டு, வேலை செய்கிறார் என்றால் எத்தனை கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறார் என்பதையும் கமெண்டில் சேர்த்துவிடு, பெரிய உதவி.

எல்லாம் போட்ட பிறகு ஷோ ஃபில்டர் கட்டளை கொடுத்து, வருவதை எனக்கு அனுப்பு, சரிபார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு காலை 40 மீட்டர் பேண்டில் இருப்பேன். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா, அவள் கையால் ஒரு சிக்யூ கேட்க ஆசை.

வாழ்த்துகளுடன் 73,
உன் சுந்தரம்