மின்சாரக் காரிலும் ஆயில் இருக்கிறது, அதை மாற்றி ஊற்றிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரக் கார்களைப் பற்றி உங்கள் நாளிதழில் எழுதும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: இன்ஜின் இல்லை, அதனால் ஆயில் பிரச்சினையே இல்லை. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைத் திருத்தி வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இன்ஜின் ஆயில் கிடையாது, கியர்பெட்டியில் கொஞ்சம் உண்டு, அது வேறு கதை. ஆனால் ஏசியின் கேஸை அழுத்தி ஓட வைக்கும் கம்ப்ரசருக்குள் இருக்கும் ஆயிலைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதில் தப்பு நடந்தால் ஏசி மட்டும் போகாது, காரே கிளம்ப மறுக்கலாம். வாகன ஏசி வேலை பார்க்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வெளியே இருக்கும் கிளட்ச்சுக்கோ வால்வுக்கோ 12 வோல்ட் போகும், அவ்வளவுதான், உள்ளே கரண்டுக்கு வேலையில்லை. அதனால் உள்ளே ஊற்றும் ஆயில் தேய்மானத்தைத் தடுத்தால் போதும், குளிர வைக்கும் கேஸோடு சேர்ந்து ஓடினால் போதும். மின்சாரக் காரில் பெல்ட் இல்லை, மோட்டாரே கம்ப்ரசரின் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வருவது பெரிய பேட்டரியிலிருந்து வரும் 400 வோல்ட் அளவிலான கரண்ட், புதிதாக வரும் சில கார்களில் 800 வோல்ட். திரும்பி வரும் கேஸும் அதோடு கலந்த ஆயிலும் அந்த மோட்டாரின் செப்புக் கம்பிச் சுற்று (வைண்டிங்) மேலேயேதான் பாய்கின்றன, மோட்டாரைக் குளிர வைப்பதும் அவைதான். அப்படியென்றால் அந்த ஆயில் வழியாகக் கரண்ட் கசியக் கூடாது. இதுதான் மொத்த விஷயமும்.

பெல்ட் கம்ப்ரசர்களில் வழக்கமாக ஊற்றுவது பிஏஜி (பாலிஆல்கைலின் கிளைகால்) ஆயில். அது கரண்டைக் கசிய விடும். பெரும்பாலான மின்சாரக் கம்ப்ரசர்களுக்குக் கொடுத்திருப்பது பிஓஇ (பாலியோல் எஸ்டர்) வகை ஆயில், ஜப்பானின் டென்சோ கம்பெனி கம்ப்ரசர் என்றால் என்டி-11 என்ற பெயரில் வரும். இது நேற்று வந்த சங்கதி அல்ல. 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலேயே மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரசரும் இந்த ஆயிலும் இருந்தன. இத்தனை வருஷம் கழித்தும் ஒர்க்‌ஷாப்பில் "ஏசி ஆயில்னா ஏசி ஆயில்தானே" என்ற பேச்சு போகவில்லை. பாட்டிலில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும், கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றி ஊற்றினாலும் கார் ஓடவும் செய்யும், ஏசி குளிரவும் செய்யும். அதனால்தான் தப்பு நடந்ததே தெரிவதில்லை.

எவ்வளவு கலந்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். ஒரு சதவீதம் பிஏஜி கலந்தாலே, கரண்ட் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன், 10 மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டியது, 1 மெகாஓம் பக்கம் சரிந்துவிடக்கூடும். மொத்த ஏசிக்கும் 150 மில்லி ஆயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதவீதம் என்பது ஒன்றரை மில்லி, ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு யாரும் தப்பான பாட்டிலைத் திறக்கக்கூட வேண்டாம். கேஸ் ஏற்றும் மெஷினின் நீலம், சிவப்பு ஹோஸ்களைக் கழற்றி நுனியில் இருக்கும் பின்னை அழுத்திப் பாருங்கள், முன்னால் வேலை பார்த்த பெட்ரோல் காரின் ஆயில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஹோஸின் உள்சுவர் முழுக்க அதே படலம்தான். மெஷினிலேயே ஆயில் ஏற்றும் பாட்டில் இருந்தால் இன்னும் மோசம், பாட்டிலை மாற்றினாலும் பாட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ட்யூபில் பழையது நிற்கும், அடுத்த காருக்கு முதலில் போவது அதுதான். இதை யோசித்துத்தான் வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு தன் ஜே2788 தரநிலையில், ஹைபிரிட் கார்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் மெஷின் வெளியே விடும் கேஸில் மிச்ச ஆயில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. மெஷின் அந்தத் தரத்தில் இல்லையென்றால் மின்சாரக் காருக்குத் தனி மெஷின், தனி ஹோஸ் வைத்துக்கொள்வதுதான் ஒழுங்கு. தரத்தில் இருந்தாலும் ஹோஸை கேஸ் விட்டு அலசிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இதை அவசரத்தில் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

கலந்துவிட்டால் என்ன நடக்கும்? மின்சாரக் கார் தன் ஹை வோல்டேஜ் சுற்றிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று தானே பார்த்துக்கொண்டிருக்கும். ஐநாவின் 100-ம் எண் வாகன விதி, இன்சுலேஷன் வோல்ட்டுக்கு நேர்திசை (டிசி) கரண்டில் 100 ஓம், மாறுதிசைக் கரண்டில் 500 ஓம் இருந்தாக வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பு அளவுக்குப் பக்கத்தில் வந்ததுமே டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், சில கார்களில் ஒருமுறை ஆஃப் செய்துவிட்டால் மறுபடி ஆன் ஆகாது. ஓட்டுகிறவர் பேட்டரி போய்விட்டது என்று பதறுவார். மெக்கானிக் பேட்டரியைப் பார்ப்பார், இன்வெர்ட்டரைப் பார்ப்பார், ஹை வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார், கடைசியில்தான் கம்ப்ரசர் மேல் சந்தேகம் வரும், ஏனென்றால் ஏசி வேலை பார்த்து மாதங்கள் ஆகியிருக்கும், இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் கம்ப்ரசரை மட்டும் மாற்றியும் தீராது. பழைய ஆயில் கண்டன்சரில், எவாப்பரேட்டரில், பேட்டரியைக் குளிர வைக்கும் சில்லரில், பைப்பெல்லாம் பரவி நிற்கிறது, முழுசாகக் கழுவி எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஒன்றரை மில்லிக்காக முக்கால்வாசி ஏசியை மாற்ற வேண்டிய நிலை வரும்.

சில்லர் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பல மின்சாரக் கார்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று அடிக்கும் அதே கம்ப்ரசர்தான் பேட்டரியையும் குளிர வைக்கிறது. ஃபாஸ்ட் சார்ஜில் போட்டுவிட்டு நீங்கள் இறங்கிப் போன பிறகும் முன்னால் ஏதோ இரைச்சல் கேட்கிறதே, அதில் கம்ப்ரசரும் உண்டு. அது படுத்துவிட்டால் பேட்டரி சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள கார் சார்ஜிங் வேகத்தைக் குறைத்துவிடும். இதை ஏதோ சொகுசு விஷயமாக நினைத்து ஒதுக்குவதில்தான் எனக்கு வருத்தம்.

பிஓஇ ஆயிலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பிஏஜியும் இழுக்கும்தான், ஆனால் பிஓஇ ஈரத்தோடு சேர்ந்து சூடானால் உடைந்து அமிலமாகிறது, அந்த அமிலம் வைண்டிங் மேலிருக்கும் இன்சுலேஷன் பூச்சை மெல்ல அரிக்கும். ஆயிலில் ஏறிய ஈரத்தை வேக்குவம் போட்டு முழுதும் எடுத்துவிடவும் முடியாது. அதனால்தான் நல்ல பிஓஇ ஆயில் சின்னச் சின்ன உலோக டப்பாவில் சீல் போட்டு வருகிறது. மூடி சரியாக மூடாமல் அலமாரியில் நிற்கும் பாதி டப்பாவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அடுத்த காருக்கு ஊற்றுகிறார்களே, தயவுசெய்து அதை விடுங்கள். பைப்பைக் கழற்றினால் உடனே கேப் போடுங்கள், கடைசியில் மாட்டுவதற்குச் சற்று முன்னால்தான் ஆயில் டப்பாவைத் திறக்க வேண்டும்.

லீக் கண்டுபிடிக்க விடும் சாயமும் (டை) ஏதோ ஓர் ஆயிலில் கரைத்துத்தான் வருகிறது, அது எந்த ஆயில் என்று டப்பாவில் படித்துவிட்டு விடுங்கள். லீக்கை அடைக்கும் கெமிக்கல் இந்தக் கார்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லா மின்சாரக் காருக்கும் பிஓஇ என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் தப்புதான். சில கம்ப்ரசர்களுக்கு வேறு ஆயில் சொல்லியிருக்கிறார்கள், கார்பன் டை ஆக்சைடையே கேஸாக ஓட்டும் கார்களுக்கு அது அடியோடு வேறு. பானட்டைத் தூக்கினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் கம்ப்ரசர் மேலேயே எழுதியிருக்கும், அதில் சொன்னதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் ஆயிலை நான் தொடுவதே இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு, அப்போ வருஷா வருஷம் ஆயில் மாற்ற வேண்டுமா என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மூடிய சுற்று அது, தானாகத் தீர்ந்துபோகாது, குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் வழக்கமும் கிடையாது. லீக்கானால், ஏதாவது பாகத்தை மாற்றினால், அப்போதுதான் ஆயில் கணக்கு வருகிறது. கேஸை இழுக்கும்போது கூடவே எத்தனை மில்லி வந்தது என்று அளந்து, அவ்வளவு ஊற்ற வேண்டும், மாற்றிய பாகத்துக்குள் தங்கும் அளவைச் சேர்க்க வேண்டும். புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் மொத்த சுற்றுக்கும் வேண்டிய ஆயிலோடு வரும், பழையதில் இருந்த அளவைப் பார்த்து அதிகமானதை வடிக்காமல் மாட்டினால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. நன்றாகக் குளிரும் காரில் கேஸை இறக்கி ஏற்றி "ஏசி சர்வீஸ்" என்பதில் ஒரு பலனும் இல்லை, தப்பான ஆயில் உள்ளே நுழைய வழி திறப்பதுதான் மிச்சம். கேபின் ஃபில்டரை மாற்றுங்கள், கண்டன்சரில் அடைந்த தூசியை எடுங்கள், போதும்.

வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒன்று. ஆரஞ்சு கேபிளைத் தொடுவதற்கு முன் 12 வோல்ட் பேட்டரியையும், ஹை வோல்டேஜைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கையும் கழற்றி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறை போட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கையை வையுங்கள். பயிற்சி இல்லையென்றால் இந்தக் காரை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தயாரிப்பாளர்கள் ஸ்டிக்கரில் கேஸின் பெயரைப் போடும் அளவுக்கே பெரிய எழுத்தில் ஆயிலின் பெயரையும் போட வேண்டும், பல கார்களில் அது தேடித்தான் கண்டுபிடிக்கும்படி இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் ஏசியில் கை வைக்கும் முன் எந்த ஆயில், எந்த மெஷின் என்று கேளுங்கள், கேட்டதோடு விடாமல் ஆயிலின் பெயரையும் எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் இன்சுலேஷன் கோளாறு என்று யாராவது சொன்னால் எங்கே தேடத் தொடங்குவது என்பது அந்தப் பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படிக்கு,
வாகன ஏசி மெக்கானிக், உங்கள் வாசகர்