வங்கக் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய் தமிழுக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வங்கக் கவிதை பற்றி வெளிவந்த கட்டுரை தாகூரில் தொடங்கி நஸ்ருலோடு நின்றுவிட்டது. அவர்களுக்குப் பின் எழுத வந்து, தெருவில் நடப்பவர்களின் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்த சுபாஷ் முகோபாத்யாயின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லாதது எனக்கு வருத்தம் தந்தது. புதுச்சேரிக்காரர்களாகிய நாம் அவரை அறிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் உண்டு என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

1919இல் கிருஷ்ணநகரில் பிறந்த அவர், 21 வயதில், 1940இல் ‘பதாதிக்’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். காலாள் என்று அதற்குப் பொருள். அன்பே, இன்று பூக்களோடு விளையாடும் நாள் அல்ல என்று தொடங்கும் மே தினக் கவிதை அதில்தான் இருக்கிறது. 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1948இல் கட்சி தடைசெய்யப்பட்டபோது விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின், 1952இல், மனைவி கீதாவுடன் கல்கத்தாவுக்குத் தெற்கே பஜ்பஜ் அருகிலுள்ள ஒரு கிராமத்துக்குக் குடிபோய், சணல் ஆலைத் தொழிலாளர்களிடையே சங்கப் பணி செய்தார். கவிஞர் என்று ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்ட ஒருவர் ஆலைத் தொழிலாளர் நடுவில் போய்க் குடியிருந்தார் என்பதுதான் என்னை முதலில் அவர்பால் இழுத்தது.

என் பாட்டனார் இங்கே சவானா ஆலையில் தறி ஓட்டியவர். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்ட நாளைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஆண்டுதோறும் அந்த நாளில் பகலில் உண்ணமாட்டார். எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்த ஊரில் பிறந்தவர்களுக்கு, பஜ்பஜ் ஆலை வாசலில் பிறந்த கவிதைகள் அயலாரின் கவிதைகளாகத் தோன்றமாட்டா.

அங்கே பிறந்தவற்றுள் ஒன்று ‘சாலேமனின் தாய்’. பித்துப்பிடித்த பாபர் அலியின் கண்களைப் போன்ற வானம். அதன் கீழே ஐந்து ரயில் நிலையங்களைக் கடந்து வந்த ஊர்வலம். அதில் திரும்பத் திரும்பப் பின்தங்கிப் போகும் பாபர் அலியின் மகள் சாலேமன், தன் தாயைத் தேடுகிறாள். நான் இதை முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். நல்ல கவிதை என்று எண்ணி வைத்துவிட்டேன். பிறகு, இளம் வயதிலேயே ஆசிரமத்துக்கு வந்து எங்கள் தெருவிலேயே வாழ்ந்து மூத்துவிட்ட வங்காள அம்மையார் ஒருவர் மூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். ரயில் நிலையத்தைக் குறிக்க அதில் ‘இஸ்டிஷன்’ என்று வருகிறது. அது படித்தவர்களின் உச்சரிப்பு அல்ல, நடந்து வந்தவர்களின் வாய்ச்சொல் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டதும், கடலூரிலிருந்து வரும் என் சித்தப்பா ‘டேசனில் நிற்கிறேன்’ என்று சொல்வது நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் மறைந்துபோன அந்தச் சொல்லின் வாசனைக்குத் தமிழில் இடம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து நேராகத் தமிழுக்கு அவர் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

மொழிபெயர்ப்பை அவரே வாழ்நாள் முழுவதும் தம் பணியின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்தார். பஜ்பஜ்ஜுக்குக் குடிபோன அதே 1952இல்தான், நெடுங்காலம் சிறையில் கிடந்த துருக்கியக் கவிஞர் நாஜிம் ஹிக்மத்தின் கவிதைகளை அவர் வங்காளத்தில் வெளியிட்டார். சிறைப்பட்ட ஒருவர் சிறைப்பட்ட இன்னொருவரைத் தம் மக்களிடம் அழைத்து வந்த செயலாகவே அதை நான் பார்க்கிறேன். நெருதா, ஹாஃபீஸ், ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு என்று அந்தப் பணி தொடர்ந்தது. சத்யஜித் ராயுடன் சேர்ந்து ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார்.

பூக்களோடு விளையாடும் நாள் அல்ல என்று எழுதியவரே பின்னாளில், பூ மலரட்டும் மலராதிருக்கட்டும், இன்று வசந்தம் என்று எழுதினார். அந்தக் கவிதையில் கல் பாவிய நடைபாதையில் பட்டுப்போனதுபோல் நிற்கும் மரம் ஒன்று, தன் விலா எலும்புகளைப் பிளந்துகொண்டு துளிர்விட்டுச் சிரிக்கிறது. அரசியல் கவிதை முழக்கமாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்த மரத்தையே நான் காட்டுவேன். 1980களின் தொடக்கத்தில் அவர் கட்சியை விட்டு விலகியதையும், பழைய தோழர்கள் பலர் அவர்மேல் மனக்கசப்புக் கொண்டதையும் அவரைப் பற்றி எழுதுபவர்கள் மறைக்கக் கூடாது. சாகித்திய அகாதெமி விருது 1964இலும் ஞானபீட விருது 1991இலும் அவரைத் தேடி வந்தன. 2003இல் மறைந்தார். சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தா சென்றபோது, மெட்ரோ ரயில் பாதையின் தென்கோடி நிலையம் ‘கவி சுபாஷ்’ என்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதைக் கண்டு அந்த நடைமேடையிலேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

பாரதி ‘வந்தே மாதர’த்தைத் தமிழாக்கிய காலம் முதல், த.நா. குமாரசுவாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வங்க நாவல்களை நேராகவே தமிழுக்குத் தந்திருக்கிறார்கள். வங்காளம் பேசும் குடும்பங்களும், அவர்களோடு பழகி அம்மொழியைக் கற்ற தமிழர்களும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். வரும் ஜூலை 30ஆம் நாளுக்கு ஒட்டிய ஞாயிறு இணைப்பில், அத்தகையவர் ஒருவரைக் கொண்டு சுபாஷின் மூன்று நான்கு கவிதைகளையேனும் மூலத்திலிருந்து மொழிபெயர்த்து, ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாக ‘சாலேமனின் தாய்’ இடம்பெற வேண்டும். மூலத்தை வாசித்துப் பொருள் சொல்ல அந்த அம்மையார் இசைந்திருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.